ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரா, ஹாட் ஹாட்ச்சா: டிராக்கில் நேரம் எங்கே கிடைக்கிறது, எங்கே போகிறது

"டிராக்கில் எது வேகம்?" என்று மட்டும் கேட்டால் பதில் சுலபம். ஒரே ஒரு லேப் (டிராக்கின் ஒரு சுற்று), டயர் புதிது, இன்ஜின் சூடேறவில்லை என்றால், பெரிய டர்போ உள்ள நல்ல ஹாட் ஹாட்ச் கூரை திறக்கும் இலகுவான இரண்டு இருக்கை ஜப்பானிய ரோட்ஸ்டரை முந்திவிடும். டிராக்குக்குக் கார் தேடுபவருக்கு இந்தப் பதில் அதிகம் உதவாது. அந்த நேரம் நேர்பாதையில் கிடைத்ததா, வளைவில் கிடைத்ததா, பத்தாவது லேப்பிலும் அது நிற்குமா என்பதுதான் அவர் அறிய வேண்டியது. இரண்டு வகைக் கார்களும் பிரிவது அங்கேதான்.

முதலில் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்த்துவிடுவோம். மஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86, அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட், நிசான் இசட் ஆகியவை இன்ஜினை முன்னால் வைத்துப் பின்சக்கரங்களை ஓட்டுபவை. உயரம் குறைவு, கதவு இரண்டு. ஹாட் ஹாட்ச் என்பது அன்றாடக் குடும்ப ஹாட்ச்பேக்கில் வலுவான இன்ஜினும் இறுக்கமான சஸ்பென்ஷனும் பொருத்திய கார். 1976-இல் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயில் இருந்தது 1.6 லிட்டர், 110 பிஎஸ் (குதிரைசக்தி அளவு) இன்ஜின். பின்னர் வந்த ஹூண்டாய் ஐ30 என், ரெனோ மெகான் ஆர்எஸ் போன்றவை அதன் வாரிசுகள். பெரும்பாலும் முன்சக்கர இயக்கம். கோல்ஃப் ஆர், டொயோட்டா ஜிஆர் யாரிஸ் போன்ற சில மட்டும் நான்கு சக்கர இயக்கம்.

ஹோண்டா சிவிக் டைப் ஆர் ஜப்பானியக் கார், அதே நேரம் ஹாட் ஹாட்ச். ஜிஆர் யாரிஸும் அப்படித்தான். எனவே டிராக்கில் நடப்பதைப் புரிந்துகொள்ள நாட்டைப் பார்த்துப் பயனில்லை. எந்தச் சக்கரம் ஓட்டுகிறது, எடை எவ்வளவு, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, டயர் என்ன என்ற நான்கையும் பார்த்தால் போதும்.

லேப் நேரத்தை வாசிப்பது எப்படி

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கில் 2019-இல் ரெனோ மெகான் ஆர்எஸ் டிராஃபி-ஆர் ஓடிய லேப்புக்கு இரண்டு நேரங்கள் வெளியாயின: 7:40.100, 7:45.389. இரண்டும் சரியானவைதான். முதல் எண் பழைய வழக்கப்படி 20.6 கிமீக்கு அளந்தது. இரண்டாவது முழுச் சுற்றான 20.832 கிமீக்கு அளந்தது. விடுபட்ட சிறு துண்டுக்கே ஐந்து நொடிக்கு மேல் ஆகிறது. 2017-இல் சிவிக் டைப் ஆர் (எஃப்கே8 என்ற தலைமுறை) எடுத்த 7:43.80 பழைய அளவு. 2023-இல் அடுத்த தலைமுறை (எஃப்எல்5) எடுத்த 7:44.881 முழுச் சுற்று. இதைக் கவனிக்காமல் பக்கத்தில் பக்கம் வைத்தால் புதிய கார் மெதுவாகிவிட்டது போலத் தோன்றும். உண்மை நேர்மாறு.

நீளம் ஒன்றாக இருந்தாலும் கார்கள் ஒரே நிலையில் இருப்பதில்லை. டிராஃபி-ஆரில் பின் இருக்கைகளே கிடையாது. சாதாரண டிராஃபியைவிட 130 கிலோ வரை எடை குறைத்திருந்தார்கள். எஃப்எல்5 அந்த நேரத்தை எடுத்தது மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 கனெக்ட் டயரில். அது டிராக்கை மனதில் வைத்துச் செய்த, சாலையிலும் ஓட்ட அனுமதி உள்ள டயர்.

டயர் எவ்வளவு மாற்றும் என்று ஒரு கணக்குப் போடுவோம். 100 மீட்டர் ஆரமுள்ள வளைவில் டயர் 1.0 ஜி (காரின் எடைக்குச் சமமான) பிடிப்புக் கொடுத்தால் மணிக்கு சுமார் 113 கிமீயில் திரும்பலாம். 0.95 ஜி மட்டும் கொடுத்தால் 110 கிமீ. கால் வட்டம் திரும்ப முதல் காருக்கு 5.02 நொடி, இரண்டாவதற்கு 5.15 நொடி. ஒரு வளைவுக்கு 0.13 நொடி, இப்படிப் பத்து வளைவு இருந்தால் ஒரு நொடிக்கு மேல். டயரின் பிடிப்பில் வெறும் ஐந்து சதவீத வித்தியாசம் இதைச் செய்கிறது. ஜிஆர்86-இன் டயர் அகலம் 215 மிமீ, எஃப்எல்5-இல் 265 மிமீ. டயர் வேறாக இருக்கும் இரண்டு லேப் நேரங்களை வைத்து முன்சக்கர இயக்கம் நல்லதா பின்சக்கர இயக்கம் நல்லதா என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

முன் டயர்களின் சுமை

ஒரு டயரிடம் உள்ள மொத்தப் பிடிப்பு குறிப்பிட்ட அளவுதான். திருப்புவதற்கு அதில் ஒரு பங்கு போனால், மீதிதான் முடுக்குவதற்கோ பிரேக் பிடிப்பதற்கோ கிடைக்கும். இது நேரடிக் கழித்தல் அல்ல. திருப்ப 90 சதவீதம் செலவானால் முடுக்க சுமார் 44 சதவீதம் மிஞ்சும். திருப்ப 98 சதவீதம் போனால் 20 சதவீதம்தான் மிஞ்சும். வளைவின் நடுவில் கார் எல்லையில் இருக்கும்போது ஸ்டியரிங்கைச் சற்றே நேராக்கினாலும் ஆக்ஸிலரேட்டருக்கு நிறைய இடம் கிடைப்பது இதனால்தான்.

முன்சக்கர இயக்கத்தில் திருப்புவதும் இழுப்பதும் ஒரே ஜோடி டயர். பிரேக்கின் பெரும்பங்கும் அதே ஜோடிக்குத்தான். பின் டயர்கள் பின்னால் வருகின்றன, அவ்வளவே. பின்சக்கர இயக்கத்தில் வேலை பிரிகிறது: முன்ஜோடி திருப்பும், பின்ஜோடி தள்ளும்.

இதோடு எடை நகர்வையும் சேர்க்க வேண்டும். 1,300 கிலோ கார், எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம், முன் பின் அச்சுகளுக்கிடையே 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.4 ஜி அளவில் முடுக்கினால் சுமார் 104 கிலோ முன்னிருந்து பின்னுக்கு நகரும். எடையில் 60 சதவீதம் முன்னால் உள்ள ஹாட்ச்சின் ஓட்டும் சக்கரங்கள் மேல் இருந்த 780 கிலோ 676 ஆகக் குறைகிறது. 53:47 என்ற விகிதமுள்ள பின்சக்கர இயக்கக் காரின் ஓட்டும் சக்கரங்கள் மேல் இருந்த 611 கிலோ 715 ஆக உயர்கிறது. நிற்கும்போது ஹாட்ச்சுக்கு இருந்த சாதகம், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் கைமாறிவிடுகிறது. இரண்டாம் கியரில் வெளியேறும் இறுக்கமான வளைவுகளில் டைப் ஆரின் ஓட்டுநர் காத்திருக்கும் அதே இடத்தில் எம்எக்ஸ்-5 ஓட்டுநர் ஏற்கெனவே பெடலை முழுக்க மிதித்திருப்பார். வேகமான, நீண்ட வளைவுகளில் இந்த வித்தியாசம் மங்கிவிடும். அங்கே முடுக்கம் குறைவு, எனவே எடை நகர்வும் குறைவு.

டிஃபரன்ஷியலைக் கேட்காமல் ஹாட் ஹாட்ச் வாங்கக் கூடாது

இன்ஜின் விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது டிஃபரன்ஷியல். வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் மேல் சுமை குறையும். சாதாரணத் திறந்த டிஃபரன்ஷியல் இருந்தால் அந்தச் சக்கரம் சும்மா சுழலும். வெளிச்சக்கரத்துக்கும் அதே சிறு திருப்புவிசைதான் போகும். டேக்கோமீட்டர் முள் ஏறும், கார் நகராது. சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 970 கிலோதான், அருமையான கார். ஆனால் அதில் இருப்பது திறந்த டிஃபரன்ஷியல் என்பதால் இறுக்கமான வளைவில் இந்தக் குறை வெளிப்படும்.

சில நிறுவனங்கள் இதற்கு பிரேக்கைப் பயன்படுத்துகின்றன. சுழலும் உள்சக்கரத்தை லேசாகப் பிடித்தால் விசை வெளிச்சக்கரத்துக்குப் போகும். சாலையில் இது போதும். டிராக்கில் ஒவ்வொரு வளைவு முடிவிலும் முன் பிரேக் வேலை செய்வதால், நேர்பாதையில் ஆற வேண்டிய நேரத்தில் அது சூடேறிக்கொண்டே இருக்கிறது. பிரேக் பேட் எதிர்பாராமல் சீக்கிரம் தேய்கிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழல்வதைக் கட்டுப்படுத்தும் உண்மையான லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறது. சிவிக் டைப் ஆரில் கியர் பற்களால் இயங்கும் வகை, ஐ30 என் பெர்ஃபார்மன்ஸ் மாடலிலும் இன்றைய கோல்ஃப் ஜிடிஐயிலும் மின்னணுக் கட்டுப்பாட்டில் பூட்டும் வகை, ஜிஆர்86-இல் பின் அச்சில் டார்சன் எனப்படும் கியர் வகை. முன்சக்கர இயக்கக் காரில் டிஃபரன்ஷியல் பூட்டும்போது ஸ்டியரிங் கையில் இழுக்கும். மெகான் ஆர்எஸ்ஸிலும் டைப் ஆரிலும் முன் சஸ்பென்ஷனில் திரும்பும் அச்சைத் தனியாகப் பிரித்து இந்த இழுப்பைக் குறைத்திருக்கிறார்கள். 300 பிஎஸ்ஸுக்கு மேல் முன்சக்கரங்களுக்குக் கொடுத்தும் ஒழுங்காக ஓட்ட முடிவது இந்த இரண்டும் சேர்ந்ததால்தான். பொறியியலாகப் பார்த்தால் ஹாட் ஹாட்ச் உலகத்தின் மிகப் பெரிய சாதனை இதுவே.

எடையும் சக்தியும்

ஜப்பானில் விற்கும் எஃப்எல்5 டைப் ஆர் 330 பிஎஸ், 1,430 கிலோ. டன்னுக்கு 231 பிஎஸ். ஜிஆர்86 235 பிஎஸ், சுமார் 1,270 கிலோ, டன்னுக்கு 185. இரண்டு லிட்டர் எம்எக்ஸ்-5 184 பிஎஸ், ஏறத்தாழ 1,050 கிலோ, டன்னுக்கு 175. நீண்ட நேர்பாதை உள்ள டிராக்கில் இந்த இடைவெளியை வளைவில் ஈடுகட்டுவது கடினம். ஜப்பானின் 5.807 கிமீ சுசூகா டிராக்கில் எஃப்எல்5 2022-இல் 2:23.120 எடுத்தது, சராசரி மணிக்கு 146 கிமீ. அந்த மாதிரி இடம் ஹாட்ச்சின் களம். 2.045 கிமீ மட்டுமே உள்ள சுகுபா போல வளைவுக்குப் பின் வளைவு வரும் இடத்தில் இலகுவான கார் மிக அருகில் வந்துவிடும்.

நிசான் இசட் இந்தக் கணக்கில் சேராது. மூன்று லிட்டர் இரட்டை டர்போ, 400 பிஎஸ்ஸுக்கு மேல், சுமார் 1,600 கிலோ. நேர்பாதையில் ஹாட்ச்சை முந்தும். பிரேக்கிலும் டயரிலும் ஹாட்ச்சைவிட அதிகம் கேட்கும். "ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இலகு" என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

பிரேக்: ஒப்பீடு தலைகீழாகும் இடம்

1,400 கிலோ ஹாட்ச் நேர்பாதை முடிவில் 200 கிமீ வேகத்திலிருந்து 80-க்கு இறங்குகிறது. பிரேக்குகள் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றல் சுமார் 18 லட்சம் ஜூல். 1,050 கிலோ ரோட்ஸ்டருக்கு அதே இடத்தில் 170 கிமீதான் வருகிறது. 80-க்கு இறங்க சுமார் 9 லட்சம் ஜூல். பாதி! எடை கால் பங்கு குறைவு, வேகம் சற்றே குறைவு, ஆனால் வேகம் வர்க்கமாகக் கணக்கில் வருவதால் வெப்பம் பாதியாகிவிடுகிறது. ஒரு லேப்பில் இப்படி நான்கைந்து இடம், இருபது நிமிட ஓட்டம் என்றால் வெப்பம் எப்படிக் குவியும் என்று யோசித்துப் பாருங்கள். ஹாட்ச்சின் முன் டிஸ்க் பெரிதுதான், மெகான் டிராஃபி-ஆரில் 350 மிமீக்கு மேல் கூட உண்டு. ஆனாலும் தொழிற்சாலை பேடும் பிரேக் ஆயிலும் சாலைக்கானவை.

பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். இரண்டையும் பாதம் வைத்தே வேறுபடுத்தத் தெரிந்திருக்க வேண்டும். பெடல் கெட்டியாக இருக்கிறது, அழுத்தினால் கார் நிற்க மறுக்கிறது என்றால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. ஒரு லேப் மெதுவாக ஓட்டினால் திரும்பி வரும். பெடல் பஞ்சு போல உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் வந்துவிட்டது. இது ஆபத்து. பெடலை வேகமாக இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் கொஞ்சம் அழுத்தம் கிடைக்கும். அதை வைத்து வேகத்தைக் குறைத்து நேராக பிட்டுக்கு (டிராக்கோரம் கார்களை நிறுத்தும் இடம்) வந்துவிட வேண்டும். ஆறிய பிறகு பெடல் கெட்டியாகத் தோன்றினாலும் அந்த ஆயிலை நம்பக் கூடாது. காற்றை வெளியேற்றிப் புது ஆயில் ஊற்றாமல் மறுபடி வேகமாக ஓட்ட வேண்டாம்.

டாட் 4 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதே ஆயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சி 3.7 சதவீதம் நீர் சேர்ந்ததும் தரம் கேட்கும் குறைந்தபட்சம் 155 டிகிரிதான். எனவே இரண்டு வருடம் பழைய ஆயிலோடு ஹாட்ச்சை டிராக்குக்குக் கொண்டுபோவது எந்த மாற்றமும் செய்யாமல் போவதைவிட மோசமான தவறு. புது ஆயிலும் டிராக் பேடும்தான் முதல் செலவு. இன்ஜின் ட்யூனிங் அதற்குப் பிறகு வெகு தூரம்.

பத்தாவது லேப்

டர்போ இன்ஜின் காற்றை அழுத்தும்போது காற்று சூடாகிறது. இன்டர்கூலர் அதை ஆற்ற வேண்டும். தொடர்ந்து முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டும்போது இன்டர்கூலரே சூடாகி, உள்ளே போகும் காற்று வெப்பமாகவே போகும். கம்ப்யூட்டர் இன்ஜினைக் காக்க இக்னிஷன் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி பூஸ்ட்டையும் (டர்போ தரும் காற்றழுத்தம்) குறைக்கும். எச்சரிக்கை விளக்கு எதுவும் வராது. நேர்பாதை முடிவில் வேகம் இரண்டு மூன்று கிமீ குறைந்திருக்கும், அவ்வளவுதான். முன்னால் குவிந்திருக்கும் இன்ஜின், கியர்பாக்ஸ், டர்போ, ரேடியேட்டர் எல்லாம் ஒரே காற்றுக்காகப் போட்டியிடுவதால் ஹாட்ச்சில் இது சீக்கிரம் வரும். எஃப்கே8 டைப் ஆரின் 2020 மாற்றத்தில் முன் கிரில் திறப்பை 13 சதவீதம் பெரிதாக்கியதும், முன் டிஸ்க்கை இரண்டு துண்டாக மாற்றியதும் இந்த வெப்பத்துக்காகத்தான்.

டர்போ இல்லாத எம்எக்ஸ்-5, ஜிஆர்86 இன்ஜின்கள் முதல் லேப்பிலும் பத்தாவதிலும் ஏறக்குறைய ஒரே சக்தி தரும். அதற்காக அவற்றுக்குக் குறையே இல்லை என்றில்லை. ஜிஆர்86-இன் படுத்த நான்கு சிலிண்டர் இன்ஜினில், நல்ல பிடிப்புள்ள டயரோடு நீண்ட வலது வளைவுகளில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி அழுத்தம் சரிவது உரிமையாளர்கள் பலர் மீட்டர் பொருத்திப் பார்த்த விஷயம். ஆயிலை டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டில் வைத்திருப்பதும், அழுத்த மீட்டர் போடுவதும், டயரை மேம்படுத்தும்போது ஆயில் பேனில் தடுப்புத் தகடு போடுவது பற்றி யோசிப்பதும் வழி. நிசானின் பழைய 370இசட்டில் டிராக்கில் ஆயில் வெப்பம் ஏறுவது பிரபலமான குறை. ஆயில் கூலர் இல்லாத ஆரம்ப கார்களில் அதைப் போட்டே ஆக வேண்டும்.

எப்படி ஓட்டினால் எது பதில் சொல்லும்

ஹாட்ச்சில் வளைவுக்குள் சற்று அதிக வேகத்தோடு நுழைந்தால் முன்பக்கம் வெளியே தள்ளும். இதுதான் அண்டர்ஸ்டியர். புதியவர் உடனே ஸ்டியரிங்கை இன்னும் திருப்புவார், ஆக்ஸிலரேட்டரையும் விடமாட்டார். இரண்டும் முன் டயரின் பிடிப்பைத்தான் கேட்கின்றன. அங்கே கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. செய்ய வேண்டியது: ஆக்ஸிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தி, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் குறைத்து, டயர் மறுபடி பிடிக்கும் வரை காத்திருப்பது. மெதுவாக நுழைந்து, பிரேக்கைப் படிப்படியாக விட்டபடி திருப்பி, காரின் மூக்கு வெளியேறும் பக்கம் பார்த்த பிறகே முடுக்குவது ஹாட்ச்சின் இலக்கணம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வேகமான வளைவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று முழுதாக விட்டால் எடை முன்னால் பாய்ந்து, லேசான பின்பக்கம் வெளியே சுழலும். முன்சக்கர இயக்கம் என்றால் சுழலாது என்று நினைப்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

பின்சக்கர இயக்கக் காரில் தவறு வேறு இடத்தில் நடக்கும்: வெளியேறும்போது, அதிலும் ஈரத் தரையில், ஆக்ஸிலரேட்டரை அவசரமாக மிதிப்பது. எம்எக்ஸ்-5, ஜிஆர்86 போன்றவற்றில் சக்தி அளவாக இருப்பதால் பின்பக்கம் நழுவுவது மெதுவாகத் தெரியும், திருத்த நேரம் கிடைக்கும். புதிதாகக் கற்பவருக்கு இந்தக் கார்களைப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுதான். லேப் நேரம் இரண்டாம்பட்சம். செய்த தவறை உடனே, சிறிய அளவில், தெளிவாகக் காட்டும் கார் நல்ல ஆசிரியர். ஈரத்தில் நேரம் மட்டுமே வேண்டுமென்றால் ஜிஆர் யாரிஸ் போன்ற நான்கு சக்கர இயக்கத்துக்கு இணை இல்லை.

டயர் அழுத்தம்: ஒரு சிறு வேலை

கதவில் ஒட்டியிருக்கும் எண்ணைவிட 3, 4 பிஎஸ்ஐ குறைத்துத் தொடங்குங்கள். மூன்று நான்கு வேகமான லேப்புக்குப் பின் பிட்டுக்கு வந்து, ஆறுவதற்குள் உடனே அளக்க வேண்டும். 5 முதல் 8 பிஎஸ்ஐ ஏறியிருப்பது சாதாரணம். சாலை டயருக்குச் சூட்டில் 34 முதல் 37 வரை நல்ல தொடக்க இலக்கு, அதிகமானதைத் திறந்துவிடுங்கள். டயரின் தோளில் ஒரு சிறு முக்கோணக் குறி இருக்கும். தேய்மானம் அந்தக் குறியைத் தொட வேண்டும், தாண்டி பக்கச்சுவருக்குப் போகக் கூடாது. தாண்டினால் அழுத்தம் போதவில்லை, அல்லது முன்சக்கரங்களுக்குக் கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்ந்திருக்கும் அளவு) போதவில்லை.

ஹாட்ச்சில் நான்கையும் ஒன்றாக வைக்கத் தேவையில்லை. பின் டயரில் சூட்டில் 2 பிஎஸ்ஐ அதிகம் வைத்தால் பின்பக்கம் சற்று எளிதாகத் திரும்பும், அண்டர்ஸ்டியர் குறையும். அதற்கு மேல் ஏற்றுவது அனுபவம் வந்த பிறகு. கடிகாரச் சுற்றில் ஓடும் டிராக்கில் வலது வளைவுகள் அதிகம் என்பதால் இடது முன் டயர்தான் முதலில் தேயும். ஹாட்ச்சில் அது மற்ற மூன்றையும் விட்டு வெகுதூரம் முன்னே ஓடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அதன் வெளித்தோளைக் கையால் தடவிப் பாருங்கள். வீல் நட்டுகளை முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறியதும் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். பிட்டில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போட வேண்டாம். கொதிக்கும் டிஸ்க்கோடு பேடைச் சேர்த்து அழுத்தி வைத்தால் பேட் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க்கும் நெளியலாம். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும். வீடு திரும்புமுன் டயர் ஆறியதும் திறந்துவிட்ட காற்றைத் திரும்ப அடிக்க வேண்டும். குறைந்த அழுத்தத்தோடு நெடுஞ்சாலையில் ஓட்டினால் பக்கச்சுவர் சூடாகிக் கெடும்.

நீங்களே இரண்டு கார்களை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் ஒரே நாள், ஒரே ஓட்டுநர், முடிந்தால் ஒரே மாடல் டயர். ஜிபிஎஸ் பதிவுக் கருவி ஒன்று போதும். சிறந்த லேப்பை மட்டும் எடுக்காமல் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு வளைவிலும் மிகக் குறைந்த வேகம், நேர்பாதை முடிவில் அதிகபட்ச வேகம், மூன்றாம் லேப்புக்கும் பத்தாம் லேப்புக்கும் உள்ள நேர வித்தியாசம். முதல் எண் டயரையும் சஸ்பென்ஷனையும் காட்டும், இரண்டாவது சக்தியையும் வெளியேறும் திறனையும் காட்டும். மூன்றாவது எண்ணில் இரண்டு நொடிக்கு மேல் சரிவு இருந்தால், அடுத்த செலவு டயருக்கா, பிரேக்குக்கா, குளிர்விப்புக்கா என்று நேர்பாதை வேகமே சொல்லிவிடும்: வேகம் குறைந்திருந்தால் இன்ஜின் சூடேறியிருக்கிறது, வேகம் அப்படியே இருந்து பிரேக்கை மட்டும் வளைவுக்கு முன்கூட்டியே பிடிக்க வேண்டியிருந்தால் பேடும் ஆயிலும், இரண்டும் சரியாக இருந்து வளைவு வேகம் சரிந்திருந்தால் முன் டயர்.